சர்ச் வேலை, வீட்டு வேலை, அப்புறம் ஒரு தஞ்சாவூர் வாத்தியார்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. காரணம் இருக்கு. ஜூன்லேர்ந்து தஞ்சாவூர்ல ஒரு சபை ஆபீஸ்ல கணக்கு எழுதற வேலைக்குச் சேர்ந்திருக்கேன். தினமும் திருவையாறுலேர்ந்து பஸ். சம்பளம் பெரிசில்ல, ஆனா மனசுக்குப் பிடிச்ச வேலை.

ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு. எனக்கு அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி. காணிக்கை எண்ணி, நோட்டுல ஏத்தி, வீடு திரும்ப மூணு மணி ஆயிடுது. அப்பாவோட ஆறு மா நிலத்துல குறுவை அறுப்பு நடந்தப்போ மிஷின்காரருக்குப் பக்கத்துல நின்னது என் வீட்டுக்காரம்மா. "ஏங்க, சாமிக்கு ஊழியம் செய்யறீங்க சரி, நெல்லு மூட்டையை யாரு எண்றது?"ன்னு கேட்டாங்க. பதில் இல்லை என்கிட்ட.

அந்த வாரம்தான் வேதநாயகம் சாஸ்திரியாரைப் பத்தித் திரும்பப் படிச்சேன். இவர் முதல் தமிழ் நாவல் எழுதின மாயூரம் வேதநாயகம் பிள்ளை இல்லை. அவர் வேற, அவருக்கு ஒரு தலைமுறை முந்தினவர் இவர். கல்யாண வீட்லயும் கிறிஸ்துமஸுக்கும் நாம பாடற பழைய கீர்த்தனைகள்ல பல இவரோடது.

1774ல திருநெல்வேலியில பிறந்தவர். அப்பா தேவசகாயம், அவரும் கவிபாடத் தெரிஞ்சவர். 1785ல பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் ஐயர் பையனோட கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துட்டு, "என்னோட அனுப்புங்க"ன்னு கேட்டார். அப்பாவும் அனுப்பிட்டார். பையனுக்கு அப்போ பதினொண்ணு, பன்னிரண்டு வயசு இருக்கும். தாமிரபரணித் தண்ணி குடிச்ச பிள்ளை காவேரிக்கரைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வந்த காலம் நல்ல காலமில்லை. 1781ல ஹைதர் அலி படை டெல்டாவைச் சூறையாடிட்டுப் போன காயம் ஆறலை. பஞ்சத்துல கோட்டைக்குள்ள சனங்க செத்துக்கிட்டிருந்தப்போ, அரண்மனை அதிகாரிங்க பேச்சை நம்பி நெல்லு கொடுக்காத குடியானவங்க, ஸ்வார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்ததும் வண்டி கட்டிக் கொண்டாந்தாங்களாம். சர்ச் வேலைன்னா பிரசங்கம் மட்டும் இல்லை, நெல்லு, வண்டி, கடன், பாக்கி எல்லாம்தான்.

வேதநாயகம் தரங்கம்பாடியில டாக்டர் ஜான் கிட்ட படிச்சுட்டு, 1794 வாக்குல தஞ்சாவூர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். வயசு இருபது! நாமெல்லாம் அந்த வயசுல அரியர்ஸ் எழுதிக்கிட்டிருந்தோம் :-)

அடுத்த நாலு வருஷத்துல, 1798ல, வளர்த்த ஸ்வார்ட்ஸ் ஐயர் போயிட்டார். அதே வருஷம், அவர்கிட்டயே படிச்ச சரபோஜி சிம்மாசனம் ஏறினார். அப்பா ஸ்தானத்துல இருந்தவர் இல்லை, கூடப் பழகினவர் ராஜா. புது வேலையில கால் ஊன்றதுக்குள்ள இத்தனை மாற்றம்.

அந்தக் காலத்துலதான், 1800 வாக்குல, 'பெத்லகேம் குறவஞ்சி' வந்தது. குறத்தி தன் மலை வளம், நாட்டு வளம் பாடற இடத்துல இவர் உலகப் பூகோளத்தையே கொண்டு வந்துட்டார். சூரியனைச் சுத்தித்தான் பூமி போகுதுங்கற புது வானசாஸ்திரமும் உள்ள வருது. பள்ளிக்கூடத்துல பகல்ல நடத்தின பாடம்தான் பாட்டாச்சுன்னு எனக்குத் தோணும். வாத்தியார் வேலையும் கவிராயர் வேலையும் அவருக்கு ரெண்டு வேலையா இருந்திருக்காது.

பெரிய கோயில் சாமி பேர்ல ஒரு குறவஞ்சி பாடுங்கன்னு மன்னர் கேட்டதாகவும், இவர் மாட்டேன்னு சொன்னதாகவும், அப்படியும் சிநேகம் முறியலைன்னும் வழிவழியா ஒரு கதை உண்டு. பெரிய கோயில்ல நடிக்கப்பட்ட 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி'யைப் பாடினவர் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர்.

வீட்டுப் பக்கம் பார்த்தா, முதல் மனைவி இறந்து, பிறகு மிக்கேல் முத்தம்மாளைக் கட்டிக்கிட்டார். மகள் ஞானதீபம். வீடே பாட்டு வீடு. எழுதினதைப் பாடிப் பார்க்கறதும், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கறதும் வீட்டுக்குள்ளயே நடந்திருக்கு.

இப்போ கசப்பான பகுதி. 1829ல அவரை வேலையிலேர்ந்து நீக்கிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ், வயசு ஐம்பத்தஞ்சு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாத்தறது, வழிபாட்டுல பாட்டு, பூ, பண்டிகை இதையெல்லாம் குறைக்கறது, சாதி வித்தியாசத்தை ஒழிக்கறது, எல்லாத்துலயும் புது மிஷனரிகளுக்கும் இவருக்கும் மோதல். பாட்டு விஷயத்துல என் ஓட்டு சாஸ்திரியாருக்குத்தான். ஆனா கோயிலுக்குள்ள சாதி பார்த்து உட்காரறதை அவர் நியாயப்படுத்தி எழுதினார். அதை மூடி மறைக்க எனக்கு மனசில்லை. அதுல மிஷனரிகள் பக்கம்தான் நியாயம். பக்கத்துல உட்கார விடாம நிறுத்தி வைக்கப்பட்டவங்களும் இதே டெல்டாவுல நாத்து நட்டவங்க, அறுத்தவங்க. அவங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமையை யாரும் பாட்டா எழுதி வைக்கலை.

வேலை போன வேதநாயகத்தை சரபோஜி அரண்மனைக் கவிஞரா ஆதரிச்சார். 1832ல மன்னரும் போயிட்டார். 1855ல தஞ்சாவூர் ராஜ்யமே முடிஞ்சுபோச்சு. சாஸ்திரியார் இருந்தது 1864 வரைக்கும். வேலை கொடுத்தவங்க, பறிச்சவங்க, ஆதரிச்சவங்க எல்லாரையும் தாண்டி வாழ்ந்துட்டார். அவர் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்தினார்னு இன்னிக்கு யாருக்கும் ஞாபகமில்லை. வீட்ல பாடிப் பழகின பாட்டு மட்டும் நிக்குது. அவர் சந்ததியார் தலைமுறை தலைமுறையா பாடிக்கிட்டு வந்திருக்காங்க.

இதையெல்லாம் வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிங்க, அவர் எழுதிக்கிட்டிருந்தப்போ அந்த முத்தம்மாள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"ன்னாங்க. நான் படிச்சதுல எங்கயும் இல்லை. வாயை மூடிக்கிட்டேன்.

மறுநாள் ஆபீஸ்ல பேசி, ரெண்டாவது, நாலாவது ஞாயிறு காணிக்கைக் கணக்கைத் திங்கட்கிழமை காலையில எழுதறேன்னு கேட்டு வாங்கிட்டேன். சம்பா நடவுக்கு இந்தத் தடவை வரப்புல நான் நிப்பேன். உங்க வீட்லயும் உபதேசியாரோ, கோயில் பிள்ளையோ, மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரோ இருந்திருப்பாங்க. அவங்களைப் பத்தி எழுதுங்க மக்களே. எழுதறப்போ அவங்க வீட்டம்மா பேரையும் கேட்டு எழுதிடுங்க.