ரிலே ஓசையும் பி.எல்.சி. விளக்கும்

சுங்கை காடுட், துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் 1990களில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான படக்குழாய்கள் தயாரிக்கப்பட்டன. அதே சாம்சுங் எஸ்.டி.ஐ. வளாகம் பின்னர் மின்கலத் தயாரிப்புக்கு மாறியது. 2022இல் அங்கே இரண்டாவது மின்கல ஆலைக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. தயாரிக்கும் பொருள் மாறினால் இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் முறையும் மாறவேண்டும். ஒரு காலத்தில் அது எத்தனை பெரிய தலைவலி என்பதை அறிந்தால்தான் பி.எல்.சி. என்ற சிறு பெட்டியின் அருமை புரியும்.

அதற்கு முன் இருந்தது ரிலே. ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். தொடுமுனைகள் சேரும் அல்லது பிரியும். அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835வாக்கில் செய்துகாட்டிய இந்தத் தத்துவம் தந்திக்கு உதவியது. பிறகு தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் வாடையே போதும், அந்த இடம் கண்முன் நிற்கும். அங்கே பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய கொப்பரை உண்டு. சுமார் 3 பார் அழுத்தம், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பல ஆலைகளில் அழுத்தத்தை மூன்று முறை ஏற்றி இறக்குவார்கள். பழம் குலையிலிருந்து கழலவேண்டும். எண்ணெயைக் கெடுக்கும் நொதியும் அடங்கவேண்டும். கடிகாரத்தையும் அழுத்தமானியையும் மாறி மாறிப் பார்த்து, கையால் வால்வைத் திறந்து மூடிய வேலை அது. அந்த வேலையை டைமர்களும் ரிலேக்களும் எடுத்துக்கொண்டன. உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவு திறந்தால் உயிர் போகும். அதைத் தடுக்கும் பூட்டு ஏற்பாட்டிலும் ரிலேவுக்கு இடமிருந்தது.

ரிலேக்கு ஒரு பெரிய குறை: அதன் புத்தி கம்பியில் இருக்கிறது. வேலையின் வரிசை மாறினால் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்டவேண்டும். கார் மாடல் மாறும் போதெல்லாம் ரிலே பேனல்களோடு மல்லுக்கட்டிச் சலித்த ஜெனரல் மோட்டார்ஸ், 1968இல் மாற்று வழி கேட்டது. அதே ஆண்டின் புத்தாண்டு நாளில்தான் டிக் மோர்லி என்ற பொறியாளர் அப்படிப்பட்ட ஒரு கருவியின் திட்டத்தை எழுதி வைத்திருந்தார். அவரது குழு 1969இல் கொடுத்த கருவி மோடிகான் 084. அந்தப் பட்டறையின் 84வது திட்டம் என்பதால் அந்தப் பெயர்!

அதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. புதிய கருவிக்குக் கணினி மொழி கற்றுவாருங்கள் என்று எலெக்ட்ரீஷியன்களிடம் யாரும் சொல்லவில்லை. இரு பக்கமும் இரு கோடுகள், நடுவே படிப்படியாகத் தொடுமுனைகள் என்று அவர்கள் வழக்கமாகப் பார்த்துவந்த ஏணி வரைபடமே நிரலாயிற்று. ரிலே பேனலில் பழகிய கைகள் பி.எல்.சி.க்கு மாற முடிந்தது இதனால்தான்.

ஆனால், எல்லாருக்கும் அந்த ஏணி கிடைக்கவில்லை. சிரம்பான் வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவர்களில் பொத்தானை அமுக்கும் ஆபரேட்டராக நின்றவர் உண்டு. பேனலைத் திறக்கும் டெக்னீஷியனாக உயர்ந்தவரும் உண்டு. சம்பளமும் மரியாதையும் அங்கேதான் பிரிகின்றன. பழைய ரிலே 'டக்' என்று ஓசை எழுப்பும். கருகினால் கண்ணுக்குத் தெரியும். அருகில் நின்றே ஓரளவு கற்றுக்கொள்ளலாம். பி.எல்.சி.யின் நிரலோ கண்ணுக்குத் தெரியாது. மடிக்கணினியும் மென்பொருளும் வேண்டும். சில வேளைகளில் விற்பனையாளரின் கடவுச்சொல்லும் வேண்டும். தொழில்திறன் பயிற்சியை 'படிப்பு வராத பிள்ளைகளுக்கு' என்று ஒதுக்கும் பெற்றோர் இதை யோசித்தால் நல்லது.

ரிலேயும் ஓய்வு பெற்றுவிடவில்லை. பி.எல்.சி.யின் மெல்லிய மின்சாரம் பெரிய மோட்டாரை நேரடியாக ஓட்டாது. இடையில் ரிலேயோ கான்டாக்டரோ நிற்கவேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானுக்கும் பல இயந்திரங்களில் தனிப் பாதுகாப்பு ரிலே உண்டு. பி.எல்.சி.யில் பச்சை விளக்கு எரிகிறது. மோட்டார் மட்டும் சுற்றவில்லை. நிரலில்தான் கோளாறு என்று தொலைபேசியை எடுப்பவர் ஒருவர். வரைபடத்தை விரித்து, மீட்டரை எடுத்து, கருகிய ஒரு தொடுமுனையைக் கண்டுபிடித்துச் சில நிமிடங்களில் மாற்றிவிடுபவர் இன்னொருவர்.