கடலின் வேலையை யார் செய்வது? கண்ணாடித் தொட்டியில் முருகைக்கல் வளர்த்த கதை

முருகைக்கல் எண்டதும் எங்களில் கனபேருக்கு நெடுந்தீவு மதில்கள்தான் ஞாபகம் வரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின, காய்ந்துபோன சாம்பல் நிறக் கல். அது ஒரு காலம் உயிரோடு இருந்தது என்பதே மறந்துபோகிற அளவுக்குப் பழகிவிட்டது. உண்மையில் முருகைக்கல் என்பது கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு விலங்குகள் தங்களுக்குக் கட்டிய வீடு. அந்த விலங்கை உயிரோடு ஒரு வீட்டுக்குள் வைத்திருக்க மனிதர்கள் முயன்ற கதைக்கு ஏறத்தாழ 180 வயது.

அந்தக் கதையை வழமையாகக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகத்தான் சொல்வார்கள்: இந்த ஆண்டு இந்தக் கருவி, அடுத்த ஆண்டு அந்த விளக்கு. எனக்கு அதை வேறொரு கேள்வியோடு வாசிக்க விருப்பம். கடல் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைகளைத் தொட்டிக்குள் யார் செய்தார்கள்?

1846இல் ஆன்னா தின் என்ற ஆங்கிலப் பெண், இங்கிலாந்தின் டோர்க்கி கடற்கரையில் சில முருகைக்கற்களைச் சேகரித்தார். வழியில் உருண்டு சேதமாகாமல் இருக்க, அவற்றை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கடல்நீர் இலேசில் கிடைக்காது. இருக்கிற நீரையே திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும். ஆனால் தேங்கி நிற்கும் நீரில் ஒட்சிசன் குறைந்துவிடும். அதற்கு அவர் கண்ட வழி எங்களுக்கு நல்லாப் பழக்கமானது: தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஆத்துவது. திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அந்த நீரை மாறி மாறி ஊற்ற வேண்டும். ஊற்றியது ஆன்னா அல்ல, வீட்டில் வேலை செய்த ஒரு சிறு பணிப்பெண்.

அடுத்த ஆண்டு ஆன்னா கடற்தாவரங்களையும் சேர்த்தார். அவை ஒட்சிசன் தர, தொட்டி ஓரளவு தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. 1859இல் அவருடைய குறிப்புகள் ஓர் அறிவியல் சஞ்சிகையில் வெளிவந்தன. அதற்குள் பிலிப் ஹென்றி கொஸ் 1854இல் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியைப் பெரிய மோகமாக்கிவிட்டிருந்தது. பெயரும் அவருக்கே போனது. ஆன்னாவைப் பின்னால் வந்தவர்கள் தேடி மீட்டார்கள். அந்தப் பணிப்பெண்ணோ வரலாற்றில் ஒரு கை மட்டும்தான். முருகைக்கல் தொட்டியின் முதல் நீர்ப்பம்பி அந்தக் கை எண்டுதான் நான் சொல்லுவன்.

மோகத்துக்கு விலையும் இருந்தது. சேகரிப்பவர்கள் படையெடுத்து இங்கிலாந்தின் கரையோரப் பாறைக்குட்டைகளை வெறுமையாக்கினார்கள். கொஸ்ஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய நினைவுநூலில், தன் தகப்பன் காட்டிக்கொடுத்த அழகு அப்படியே அழிந்ததைத் துயரத்தோடு பதிவுசெய்கிறார்.

ஆன்னா வளர்த்தது குளிர்கடல் இனம். அதற்கு வெளிச்சம் தேவையில்லை. எங்கட கடலில் பாறை கட்டும் வெப்பவலய முருகைக்கல் அப்படியல்ல. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. 1881இல் கார்ல் பிரான்ட் அவற்றுக்குப் பெயர் வைத்தார். பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. வீட்டுக்காரர் இடமும் தன் கழிவில் உள்ள சத்தும் கொடுக்கிறார். 1950களில் யமெய்க்காவில் தோமஸ் கொரோ கதிரியக்கக் கல்சியத்தை வைத்துச் செய்த ஆய்வுகள், வெளிச்சத்தில் முருகைக்கல் வேகமாகக் கல் கட்டுவதைக் காட்டின. ஆக, காற்றும் அசைவும் போதாது, வெயிலும் வேண்டும்.

வெயிலைக் கணக்கில் எடுத்தவர்களில் முக்கியமானவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் தன் முறையை எழுதினார். கடல்நீர், கடல் மணல், உயிர்கள் குடியிருக்கும் பாறைத்துண்டுகள், கொஞ்சம் காற்றுக்குமிழி, சூரிய வெளிச்சம். அவ்வளவுதான். பெரிய வடிகட்டி ஒன்றும் இல்லை. அந்தப் பாறைத்துண்டுகளில் இருக்கும் பற்றீரியாக்கள், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்த இந்த அறிவு, குளிர்நாட்டு வீடுகளில் அப்படியே வேலை செய்யவில்லை. அங்கே வெயில் இல்லை, கடலும் தூரம்.

ஜேர்மன் மொழி பேசும் வளர்ப்பாளர்கள் 1970களிலும் 80களிலும் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். வெயிலுக்குப் பதில் மெட்டல் ஹேலைட் விளக்கு. அலைக்குப் பதில் மின்பம்பி. கழிவை நுரையாக்கி வெளியே தள்ள ஒரு கருவி. கல் கட்டத் தேவையான கல்சியத்துக்கு, பீற்றர் வில்கன்ஸ் சொன்ன வழி சுண்ணாம்புநீர்: சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நீரின் காரத்தன்மை திடீரென ஏறி எல்லாம் செத்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கோ. அங்கே சுண்ணாம்பைக் கரைத்து முருகைக்கல் வளர்த்தார்கள். இங்கே, எங்கட தீவின் தென்மேற்குக் கரையில், முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அது பலருடைய அன்றாடச் சோறு என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையை ஆராய்ந்தவர்கள், முருகைக்கல் அகழப்பட்ட இடங்களில் கடல் கூடுதல் தூரம் உள்ளே வந்திருந்ததைக் கண்டார்கள். அலையை மறிப்பதும் சம்பளம் இல்லாத ஒரு வேலைதான். அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்றைக்கு மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோராவை வீட்டில் வளர்ப்பவர்கள் அதிகம் சொல்லும் சொல் 'நிலைத்தன்மை'. வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ், ஒரு லீற்றர் நீரில் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கல்சியம், ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. எண்களை எட்டுவது பெரிய வேலையில்லை. நாளாந்தம் அவற்றை அசையாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். ஒரு இரவு கரண்ட் போனாலே காணும்.

கடைசியாகப் பிடிபட்ட வேலைகளில் ஒன்று நிலாவுடையது. கடலில் அக்ரோபோராக்கள் ஆண்டின் குறிப்பிட்ட இரவுகளில், நிலவின் கணக்குப்படி, ஒன்றாக முட்டையும் விந்தும் வெளியிடும். லண்டனில் உள்ள ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் கடலின் பருவ வெப்பத்தையும் பகல் நீளத்தையும் நிலா வெளிச்சத்தையும் தொட்டிக்குள் போலச்செய்து, அந்த இனப்பெருக்கத்தையே நடத்திக் காட்டினார்கள். 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பணிப்பெண்ணின் கையிலிருந்து செயற்கை நிலா வரை, அதே நகரம்.

இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு மனமில்லை. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் முருகைக்கற்கள் தங்கள் பாசியை இழந்து வெளிறின; பெரும்பகுதி செத்தது. 2024இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. வழமையான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு பாகை, சில வாரங்கள் கூடி நின்றாலே காணும். தொட்டிக்காரர் என்றால் உடனே குளிரூட்டியைப் போடுவார். தொட்டிகளில் கிடைத்த அறிவு சில இனங்களைக் காப்பாற்றி வைக்க உதவும், அது சின்ன விசயம் இல்லை. ஆனால் ஒரு சிறு தொட்டிக்கே இத்தனை கையும் கருவியும் மின்கட்டணமும் தேவைப்பட்டது. ஹிக்கடுவைக் கடலுக்கு அந்த வேலைகளைச் செய்ய, கடலை விட்டால் வேறு ஆளில்லை.