உபயம்: வாடிக்கையாளர்

குஸ்கோவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எல்லாமே இன்கா காலத்துச் சரக்குதான். தொப்பி இன்கா, தோள்பை இன்கா, சாவிக்கொத்தில் தொங்கும் லாமாக் குட்டிகூட இன்கா. விற்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியூர்க்காரர்கள் தேடி வருவதே அதைத்தான். நான் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஒரு துணியைக் கையில் எடுத்தால் இது எத்தனை பழசு என்று கேட்கத் தோன்றாது. இதற்கு யார் ஆர்டர் கொடுத்தார், நெய்தவர் கைக்கு என்ன போனது என்றுதான் கேட்கத் தோன்றும். பெரு நாட்டின் மலைமேல், கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் யார் ஆர்டர் கொடுத்தார் என்ற கேள்விக்கு வேண்டிய அளவு பதில் கிடைக்கிறது.

முதல் ஆர்டர் அரசனுடையது. இன்காக்களிடம் நாணயம் கிடையாது. தங்கம் இருந்தது, ஆனால் ராஜ்ஜியம் நடந்தது துணியால். படைவீரனுக்குக் கொடுப்பதும் துணி, பணிந்து வந்த சிற்றரசனுக்குப் பரிசும் துணி, தெய்வத்துக்கு நெருப்பிலிட்டுக் காணிக்கையாக்குவதும் துணி. 'கும்பி' என்ற உயர்ந்த ரகத்தை நெய்வதற்கென்றே ஊர் ஊராகப் பெண்களைத் தேர்ந்தெடுத்துத் தனி வளாகங்களில் வைத்திருந்தார்கள். 1530களில் ஸ்பானியர்கள் வந்தபோது கிடங்கு கிடங்காகத் துணி அடுக்கியிருந்தது. பின்வாங்கிய இன்கா படைகள் சில இடங்களில் அந்தக் கிடங்குகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயின. எதிரி கையில் எது சிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாடிக்கையாளர், தேவாலயம். சுவரெல்லாம் படம் வேண்டும், பீடமெல்லாம் சிலை வேண்டும். ஐரோப்பிய ஓவியர்களிடம் தொழில் கற்ற உள்ளூர்க்காரர்கள் சீக்கிரமே அவர்களை மீறி வளர்ந்தார்கள். 1688-இல் சண்டை முற்றி, பூர்வகுடி ஓவியர்கள் ஸ்பானியரோடு சேர்ந்திருந்த சங்கத்தை விட்டுத் தனியாகப் போனார்கள். சரிகை வேலைப்பாடு போலப் பொன் பூச்சு இழைத்த மாதா படங்களும், தோளில் துப்பாக்கி ஏந்திய தேவதூதர் படங்களும் இந்தப் பட்டறைகளின் சரக்கு. இன்றும் கடைத்தெருவில் அவற்றின் நகல்கள்தான் அதிகம் விற்கின்றன. நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1754-இல் மௌரிசியோ கார்சியா என்ற ஓவியர் ஏழே மாதத்தில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறார். லீமாவுக்கும் இன்றைய பொலிவியா, சிலே, வட அர்ஜென்டினாப் பக்கங்களுக்கும் குஸ்கோ படங்கள் மொத்த வியாபாரமாகப் போயின. என் மாதிரி கணக்கெழுதுகிறவன் ஒருவன் அந்தப் பட்டறையிலும் உட்கார்ந்து படத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருந்திருப்பான்.

இன்கா என்ற பெயரை விற்க முடியாத காலமும் இந்த ஊரில் இருந்தது. 1781-இல், இன்கா வாரிசாக ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த இரண்டாம் துபாக் அமாருவை பிளாசா தெ ஆர்மாஸ் சதுக்கத்தில் குரூரமாகக் கொன்றபோது, அந்தத் தீர்ப்போடு சேர்த்து இன்கா உடைகளையும் இன்கா அரசர்களின் படங்களையும் தடை செய்தார்கள். இன்று அதே சதுக்கத்தில் இன்கா படம் போட்ட பனியனை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறார்கள்.

டிசம்பர் 24 அன்று அந்தச் சதுக்கத்தில் கூடும் சந்தைக்கு சாந்துராந்திக்குய் என்று பெயர். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டிய உருவங்களை மக்கள் வாங்கும் நாள். நம் ஊர்க் கொலு பொம்மைக் கடைகளின் பரபரப்பு அப்படியே இருக்கும். மலைக் கிராமத்துக் குடும்பங்கள் குடிலில் பரப்பப் பாசியும் செடிகொடியும் கொண்டுவந்து, முதல் நாள் இரவே வளைவு மண்டபங்களின் கீழ்ப் படுத்திருப்பார்கள். மனுவேலித்தோ என்ற பாலன் இயேசுவுக்குத்தான் கிராக்கி. கண்ணாடிக் கண், நிஜத் தலைமுடி, திறந்த வாய்க்குள் மேலண்ணத்தில் மின்னுவதற்கு ஒரு துண்டுக் கண்ணாடி. இங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள் என்பதால் தரத்தில் யாரும் ஏமாற்ற முடியாது.

ரயிலின் கதை எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. டிட்டிகாக்கா ஏரிப் பக்கத்திலிருந்து வந்த ரயில்பாதை 1908-இல் குஸ்கோவை எட்டியது. வழியில் புக்காரா என்றொரு ஸ்டேஷன். பக்கத்தில் செக்கா புபூஹா என்ற ஊரின் குயவர்கள் களிமண்ணில் காளைகள் செய்துவந்தார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த மிருகம் காளை. அதற்கு முன்னால், முதுகில் குழியுள்ள சிறிய கல் லாமாக்களில் கொழுப்பை நிரப்பி மந்தை பெருக வேண்டிக்கொள்வது வழக்கம். காளையின் முதுகுத் துளை அந்த வழக்கத்தின் மிச்சம். கால்நடைக்குச் சூடுபோடும் சடங்கில் அந்தத் துளையில் மதுவை ஊற்றினார்கள். காளைகளை ஜோடியாகக் கூரைமேல் வைத்தார்கள். ரயில் நின்றதும் குயவர்கள் இந்தக் காளைகளை ஜன்னலோரம் கொண்டுபோய் விற்றார்கள். பயணிகள் ஸ்டேஷன் பலகையைப் படித்துவிட்டு 'புக்காராக் காளை' என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பெயர் அப்படியே நிலைத்தது, செய்த ஊருக்குப் பெயர் இல்லை. நெய்த ஊர் ஒன்றும் பெயர் வாங்கும் ஊர் ஒன்றுமாக எத்தனையோ சேலைகளை நான் பார்த்ததுண்டு; ஆனாலும் இது கொஞ்சம் அநியாயம்தான்.

இருபதாம் நூற்றாண்டில் படித்தவர்களும் கலைப்பொருள் சேகரிப்பவர்களும் வந்தார்கள். சான் பிளாஸ் மேட்டுத் தெருவில் இலாரியோ மெந்தீவில் ஆனைக்கற்றாழைத் தண்டையும் பசையில் தோய்த்த துணியையும் வைத்துக் கழுத்து நீண்ட புனிதர்களைச் செய்தார். லாமாவின் கழுத்தைப் பார்த்துச் செய்தது என்பார்கள். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். மறக்காமல் போய்ப் பாருங்கள். குஸ்கோ கடைகளில் அடுக்கியிருக்கும் ரெதாப்லோ பெட்டிகள் வேறொரு மலைநகரமான ஆயகூச்சோவிலிருந்து வந்தவை. மந்தைக்குக் காவலாகப் புனிதர்களை வைத்த பெட்டி அது. 1940களில் அலிசியா புஸ்தமாந்தே என்ற ஓவியர் ஆயகூச்சோக் கலைஞர் ஹோவாக்கின் லோபெஸ் அன்தாயிடம் அன்றாட வாழ்க்கைக் காட்சிகளையும் அதில் செய்யச் சொன்னார். 1975-இல் லோபெஸ் அன்தாய்க்கு தேசியக் கலாசாரப் பரிசு கிடைத்தபோது, கைவினைஞனுக்குக் கலைப் பரிசா என்று லீமாவின் ஓவியர்கள் சிலர் போர்க்கொடி தூக்கினார்கள். அந்தப் பெட்டிதான் இன்று பெருவின் அடையாளமாக விமானமேறிப் போகிறது.

இப்போதைய ஆர்டர் என்னையும் உங்களையும் போன்ற சுற்றுலாப் பயணிகளுடையது. நாம் கேட்பது மலிவு, கிடைப்பது ஆக்ரிலிக். 'பேபி அல்பாக்கா' என்று சொல்லி விற்பதில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள்: ரோமமானால் முடி கருகும் நாற்றம் வரும், ஆக்ரிலிக் உருகி முத்தாகக் கெட்டிப்படும். இந்தப் போட்டியில் இடுப்புத் தறி ஏறக்குறைய நின்றுபோக இருந்தது. சிஞ்செரோ கிராமத்து நெசவாளி நில்தா கயஞ்ஞௌபா 1996-இல் குஸ்கோ மரபுத் துணி மையத்தைத் தொடங்கி, பல கிராமங்களின் பெண்களைத் தறிக்குத் திரும்ப அழைத்தார். கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியை நசுக்கிச் சிவப்பு எடுப்பது முதல் எல்லாம் பழைய முறை. எல் சோல் அவென்யூவில் உள்ள அவர்கள் கடையில் பெண்கள் தரையில் உட்கார்ந்து நெய்கிறார்கள். துணியோடு வரும் சீட்டில் நெய்தவர் பெயர் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் அந்தச் சீட்டை நாங்கள் ஒருநாளும் போடவில்லை. குஸ்கோவுக்குப் போனால் அங்கே ஒரு சின்ன இடுப்புப் பட்டையாவது வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பேரம் பேசும் ஆசை இருந்தால் ஆக்ரிலிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.