இணக்கமும் சாட்சியமும்: திருகோணமலையில் முன்தடுப்பு நீதி

வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதில் தொடங்கும் சண்டை வாய்த்தர்க்கமாகி, கத்தி வெட்டில் முடிந்து, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வைக்கும். உவர்மலை என நாம் வழங்கும் ஓர்ஸ் ஹில்லிலும் துறைமுகத்தை அண்டிய மற்றைய குடியிருப்புகளிலும் இந்தக் கதை தெரியாத வீடு குறைவு. இதை முளையிலேயே கிள்ளும் வழியை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் தந்தது. சிறு காயம், அத்துமீறி நுழைதல், மிரட்டல் போன்றவை முதலில் சபைக்கே போகவேண்டும். வார இறுதியில், பெரும்பாலும் பாடசாலை வகுப்பறையொன்றில், மூன்று மத்தியஸ்தர் அமர்வார்கள். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. தீர்ப்பும் இல்லை. இரு வீட்டாரும் தங்கள் வாயாலேயே பேசவேண்டும். பேசிப் பொருந்தாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

இதற்கு முந்திய ஏற்பாடு 1958இன் இணக்க சபைகள். நியமனங்களில் அரசியல் புகுந்து, நம்பிக்கை கெட்டு, 1978இல் அவை ஒழிந்தன. ஆகவேதான் 1988இன் சட்டம் நியமனத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் விட்டு, அதில் மூவர் ஓய்வுபெற்ற மேல்நிலை நீதியரசராக இருக்கவேண்டும் என்றது. ஆளை யார் நியமிக்கிறார் என்பதில்தான் முன்தடுப்பு நிற்கிறது அல்லது விழுகிறது என்பது என் துணிபு.

ஆனால் இதே நகரத்தில் வேறொன்றும் நடந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாங்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைப் படங்களால் வெளிக்கொணர்ந்தவர் சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே ஜனவரி 24ஆம் திகதி அவர் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் இருபத்திரண்டே நாள். அந்த இருபத்திரண்டு நாளில் ஊர் பார்த்துக் கற்றுக்கொண்டதை எந்தச் சட்டத்தாலும் இலகுவில் அழிக்க முடியாது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது. வெளிநாட்டிலிருந்து சாட்சியமளிக்கும் வழி 2017இன் திருத்தத்தோடுதான் திறந்தது. 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அந்த மாணவர்களின் கொலை வழக்கில் சந்தேக நபர்கள் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லாமையால் விடுவித்தது.

வேலிச் சண்டையையும் படுகொலையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குற்றத்தின் கனத்தால் முடியாதுதான். ஆனால் இரண்டிலும் நீதியின் கதவைத் திறப்பவர் ஒரே ஆள்: கண்டதைச் சொல்ல முன்வரும் அயலவர். பேசியவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ட ஊரில், மிரட்டல் வந்த முதல் நாளே முறையிட யார் போவார்? முறைப்பாடு வராத இடத்தில் மத்தியஸ்தர் எதை முன்கூட்டித் தடுப்பார்? பெருங்குற்றத்துக்குத் தண்டனை இல்லாமை சிறுகுற்றத்தைத் தடுக்கும் ஏற்பாட்டையே உள்ளிருந்து அரிக்கிறது. முன்தடுப்பையும் பொறுப்புக்கூறலையும் வெவ்வேறு அமைச்சுகளின், வெவ்வேறு நிதியொதுக்கீடுகளின் விடயமாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்காதது இதனால்தான்.

எனவே முன்தடுப்பைச் சாட்சியிடமிருந்தே தொடங்கவேண்டும். பாரிய குற்றமொன்றில் சாட்சி வாய்திறக்கும் முதல் நாளிலேயே, விசாரிக்கும் பொலிஸாரின் கீழ் இல்லாத, சாட்சியின் மொழி பேசும் ஓர் அலுவலர் அவர் அருகில் இருக்கவேண்டும். இன்றிரவு எங்கே தங்குவீர்கள், பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று அந்த அலுவலர் கேட்டு, அதற்கு ஒழுங்கு செய்த பின்னரே வாக்குமூலம் எழுதத் தொடங்கவேண்டும்.