புல்லட் எந்த ஊரு வண்டி?

ஆபீஸ்ல ஒரு நண்பர் புதுசா சூப்பர் மீட்டியார் 650 எடுத்திருக்கார். ட்ரீட் கொடுக்கும்போது பெருமையா ஒரு வரி சொன்னார்: "என்ன இருந்தாலும் ப்ரிட்டிஷ் பைக் ப்ரிட்டிஷ் பைக்தான் பாஸ்." எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நான் குடியிருக்கிறது மாத்தூர் எம்.எம்.டி.ஏ. மணலி, சத்தாங்காடு தாண்டினா திருவொற்றியூர். நம்ம பக்கத்து ஊர் வண்டியைப் பிடிச்சு நம்மகிட்டயே ப்ரிட்டிஷ்னு சொன்னா எப்படி? அங்கேயே லெக்சர் ஆரம்பிச்சேன். பாவம், அவரோட பிரியாணி ஆறிப்போச்சு. அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடறேன்.

முதல்ல நியாயத்தைப் பேசிடுவோம். பேரு அவங்களுதுதான். இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர்ல 1901ல ராயல் என்ஃபீல்டோட முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. புல்லட்ங்கிற பேரு 1932ல. நமக்குத் தெரிஞ்ச புல்லட்டோட தாத்தா 1940களின் கடைசியில வந்த மாடல். சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லை ரோந்துக்கு நம்ம ராணுவத்துக்கு கட்டுமஸ்தான வண்டி தேவைப்பட்டது. 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டி ஆர்டர் கொடுத்தாங்க. இங்கே அதை இறக்குமதி செஞ்சுக்கிட்டிருந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். ரெட்டிச்காரங்களும் இவங்களும் கூட்டு சேர்ந்து 1955ல 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பிச்சாங்க. 1956ல திருவொற்றியூர் ஃபேக்டரி திறந்தது. அந்த வருஷம் முழுக்க வெளிய வந்தது 163 வண்டி. இன்னிக்கு ஒரு பெரிய ஷோரூம்ல பண்டிகை சீசன்ல போற கணக்கு!

அடுத்த வருஷமே அச்சு, டூலிங் எல்லாத்தையும் இங்கே வாங்கிட்டாங்க. 1962 வாக்கில் எல்லா பாகமும் உள்ளூர்லயே செய்ய ஆரம்பிச்சாச்சு. அந்தப் பக்கம் என்ன ஆச்சு? ரெட்டிச் ஃபேக்டரி 1967ல மூடினாங்க. மிச்சம் இருந்த தயாரிப்பு பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் பக்கத்துல ஒரு பாதாள சுரங்கத்துக்குள்ள கொஞ்ச நாள் ஓடி, 1970ல அதுவும் முடிஞ்சது. 1977ல திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. அதாவது, செத்துப்போன ஒரு கம்பெனியோட பேர் இன்னிக்கும் உயிரோட இருக்குன்னா, அதுக்கு மூச்சு கொடுத்தது வடசென்னை. இதைத்தான் விளம்பரத்துல எல்லாம் ஒரு ஓரமா சொல்லிட்டுப் போயிடறாங்க.

இதுல ஒரு காமெடியும் இருக்கு. 1955லிருந்து சில வருஷம் ரெட்டிச்ல செஞ்ச ராயல் என்ஃபீல்டு வண்டிகளை அமெரிக்காவுல 'இந்தியன்'னு பேர் ஒட்டி வித்தாங்க (இந்தியன் அங்கே ரொம்பப் பழைய பைக் பேரு). இங்கிலாந்துல செஞ்சது இந்தியன், இந்தியாவுல செஞ்சது ப்ரிட்டிஷ். நல்லா இருக்குல்ல?

சரி, அந்த வண்டியில அப்படி என்னதான் மயக்கம்? சின்ன வயசுல நாங்க அதை 'புடுபுடு வண்டி'ன்னுதான் சொல்லுவோம். அந்த புடுபுடுவுக்குப் பின்னாடி இருக்கிறது சாதாரண கணக்கு. பழைய காஸ்ட் அயர்ன் 350ல சிலிண்டர் அகலம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 90 மி.மீ. மொத்தம் 346 சிசி, 18 குதிரை சக்தி. ஒத்தை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். ஐடிலிங்ல நிமிஷத்துக்கு 900 சுத்துன்னு வெச்சுக்குவோம். செகண்டுக்கு ஏழெட்டு வெடி. அதே வேகத்துல நாலு சிலிண்டர் கார் 30 தடவை வெடிக்கும், காதுக்கு அது ஒரே இரைச்சல். புல்லட்ல ஒவ்வொரு வெடியும் தனித்தனியா கேக்கும். அவ்வளவு மெதுவா சுத்தியும் நிக்காம ஓடறதுக்குக் காரணம் உள்ளே இருக்கிற கனமான ஃப்ளைவீல். ஒரு வெடியில கிடைச்ச வேகத்தைச் சேத்து வெச்சு அடுத்த வெடி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகும். டாப் கியர்ல மாட்டு வண்டி வேகத்துல போனாலும் முக்காதுன்னு பெரியவங்க பெருமையடிப்பாங்களே, பாதிக்கு மேல உண்மைதான்.

ஸ்டார்ட் பண்றது தனி வித்தை. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, உதைக்காதே, முதல்ல முள்ளப் பாரு." கிக்கரை மெதுவா அமுக்கணும், ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அப்ப டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் அமுக்கி விட்டுட்டு, கிக்கரை மேலே வர விட்டு, அப்புறம் முழுசா ஒரே உதை. வரிசை தப்பினா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் காலி. கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். ஆயில் ஒழுகும். இத்தனை தொல்லையையும் ஒருத்தன் பழகிட்டான்னா, அந்த வண்டியை அடுத்தவன் எடுக்க முடியாது. அந்த கெத்துலதான் பாதி மயக்கமே.

ஆனா கெத்து மட்டும் சோறு போடாது. 1980களின் நடுவுல ஜப்பான் கூட்டோட 100 சிசி வண்டிங்க வரிசையா வந்தது. இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ். ஒரு உதைல ஸ்டார்ட், மைலேஜும் அதிகம். புல்லட் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் ஊர் பெரிய மனுஷங்களுக்கும்னு ஒதுங்கிப்போச்சு. 1990ல ஐஷர் உள்ளே வந்து 1994ல கம்பெனியை முழுசா எடுத்தும் நஷ்டம் நிக்கல. 2000ல மாசம் 6000 வண்டி செய்ய வசதி இருந்தும் விக்கறது 2000 அளவுதான். இழுத்து மூடலாமான்னு பேச்சு வந்தப்பதான் முதலாளி மகன் சித்தார்த்த லால், 26 வயசுல, ஒரு சான்ஸ் கொடுங்கன்னு பொறுப்பு எடுத்தார். என்னைவிடச் சின்ன வயசு. நான் இங்கே ஒரு மாட்யூலுக்கு ரிலீஸ் கொடுக்கவே நாலு பேர்கிட்ட அப்ரூவல் வாங்கிட்டிருக்கேன் :-(

அவங்களுக்கு இருந்த பிரச்சினை நம்ம தொழில்ல தினமும் பாக்கிறதுதான். பழைய கோடு, யாரும் தொட பயப்படறாங்க, கஸ்டமருக்கு அந்த பக்கே பிடிச்சுப் போச்சு. ஆஸ்திரியாவோட ஏவிஎல் நிறுவனம் வடிவமைச்ச அலுமினிய எஞ்சினோட 2002ல தண்டர்பேர்டு வந்தது. தாழ்ந்த சீட், உயர்ந்த ஹேண்டில்பார்னு அது பக்கா க்ரூஸர். பழைய ஆளுங்க "சத்தமே போச்சு"ன்னு புலம்பினாங்க. அப்புறம் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கிற யூசிஇ எஞ்சின் வந்தது. மறுபடியும் அதே புலம்பல். இத்தனைக்கும் 350ல அதே 70க்கு 90 அளவைத்தான் விடாம வெச்சிருந்தாங்க! 2009ல இந்தியாவுக்கு வந்த கிளாசிக்தான் கதையை மாத்தினது. திருவொற்றியூர் போதாம 2013ல ஒரகடம், 2017ல வல்லம் வடகால்னு ஃபேக்டரி தெற்கே போயிடுச்சு. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். வளர்ச்சி எல்லாம் ஏன் எப்பவும் ஜிஎஸ்டி ரோடு பக்கமே போகுது?

இப்ப நண்பரோட சூப்பர் மீட்டியாருக்கு வருவோம். 2022 நவம்பர்ல மிலான்ல காட்டி, 2023 ஜனவரியில நம்ம ஊர்ல விலை அறிவிச்சாங்க. 648 சிசி, ரெண்டு சிலிண்டர், 47 குதிரை, 52 நியூட்டன் மீட்டர் டார்க். எடை 241 கிலோ. ரெண்டு ஸ்ப்ளெண்டரைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. சீட் உயரம் வெறும் 740 மி.மீ.ங்கிறதால குள்ளமானவங்களுக்கும் கால் எட்டும். கால் முன்னாடி நீட்டி, முதுகு நிமிந்து உக்காரணும். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். கிளம்பிட்டா அந்த எடை எங்கே போச்சுன்னே தெரியல. பார்க்கிங்ல பின்னாடி தள்ளும்போது வட்டியோட திரும்பி வந்துடுது.

சத்தத்துக்கும் இதுல யோசிச்சு வேலை செஞ்சிருக்காங்க. 1950களின் ட்வின்ல ரெண்டு பிஸ்டனும் சேந்து ஏறி சேந்து இறங்கும், வெடி சம இடைவெளியில வரும். இதுல கிராங்க் 270 டிகிரி. ஒரு வெடிக்கும் அடுத்ததுக்கும் 270, அப்புறம் 450 டிகிரி இடைவெளி. அந்த நொண்டி தாளம்தான் காதுக்கு வி-ட்வின் மாதிரி, ஹார்லி ஜாதின்னு தோண வைக்குது. இந்த 650 எஞ்சினை உருவாக்கினதுல இங்கிலாந்துல இவங்க வெச்சிருக்கிற டெக்னிகல் சென்டருக்கும் பங்கு உண்டு. ஒத்துக்கறேன். ஆனா அந்த சென்டருக்குச் சம்பளம் எங்கிருந்து போகுதுன்னும் நண்பர் யோசிக்கணும்.

மீட்டியார்ங்கிற பேரும் ரெட்டிச் காலத்துப் பேருதான், 1950கள்ல வந்த பெரிய ட்வின். அதோட எஞ்சின் 692 சிசி. சிலிண்டர் அளவு? 70க்கு 90. ரெண்டு 350 புல்லட்டோட கணக்கு! ரெட்டிச்ல அந்த அளவு 1960களோட போச்சு, திருவொற்றியூர்லயும் ஒரகடத்துலயும் 2020 தாண்டியும் வார்த்துக்கிட்டிருந்தாங்க. இதைச் சொன்னதும் நண்பர், "சரி பாஸ், மெட்ராஸ் பைக்குனே வெச்சுக்குவோம், சாப்பிட விடுங்க"ன்னார்.

பி.கு: டீசல் புல்லட் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். 325 சிசி, ஆறரை குதிரை. மைலேஜ் பிரமாதம், வேகம் மட்டும் கேக்காதீங்க. உங்க ஊர்ல யாராவது இன்னும் ஓட்டிட்டிருந்தா சொல்லுங்க, லீவு போட்டுட்டு வந்து பாக்கறேன்.