பாட்டே கட்டளையான இரவு

குடுமியான்மலையில் இசையைக் கல்லில் பொறித்துவைத்த மாவட்டம் நம்முடையது. பாட்டுக்குக் குறிப்பெழுதிய மரபை நாம் அறிவோம். பாட்டே போர்க்குறிப்பான வரலாறு ஒன்று 1971இல் வங்கத்தில் நிகழ்ந்தது. அதைக் களத்தில் நடத்திய இந்தியக் கடற்படையினருள் முதன்மையானவர் கமாண்டர் மோகன் நாராயண் ராவ் சாமந்த்.

அவர் நீர்மூழ்கிக் கப்பல் மரபில் வளர்ந்தவர். 1969இல் சோவியத் நாட்டின் ரிகாவில் நம் கடற்படையில் இணைந்த 'கரஞ்ச்' நீர்மூழ்கியின் முதல் தலைவர். 1971 மார்ச் இறுதியில், பிரான்சின் தூலோன் துறையில் நின்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கியான 'மங்ரோ'விலிருந்து வங்காள மாலுமிகள் தப்பினர். எண்மர் இந்தியா வந்து சேர்ந்தனர். அவர்களை வித்தாகக் கொண்டு, பாகீரதிக் கரையில், பிளாசிக்கருகே இரகசியப் பயிற்சி முகாம் எழுந்தது. 1757இல் வங்கம் பறிபோன அதே பிளாசி! நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அங்கே பயின்றனர். நெஞ்சில் காந்த வெடியைக் கட்டிக்கொண்டு இருளில் நீந்தி, கப்பலின் அடிப்புறத்தில் அதை ஒட்டித் திரும்பவேண்டும். கோட்டைப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் இராக்கடலை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

சிதறிக் கிடக்கும் குழுக்களுக்கு ஒரே நேரத்தில் ஆணை சேர்ப்பது எங்ஙனம்? குழுத்தலைவர்களிடம் சிறு வானொலிப் பெட்டிகள் இருந்தன. கல்கத்தா வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் ஆயத்தமாகவேண்டும். மற்றொன்று ஒலித்தால் தாக்கவேண்டும். அவற்றுள் ஒன்று பங்கஜ் மல்லிக் பாடியது. மற்றது பொம்மையைப் புக்ககம் அனுப்பும் விளையாட்டுப் பாட்டு. பாட்டை இதற்கா பயன்படுத்துவது என நம்மில் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆற்றங்கரையில் ஒளிந்திருந்தவன் எந்தச் சுவைஞனைவிடவும் கூர்ந்து அதைக் கேட்டான் என்பதே என் விடை.

ஆகஸ்ட் 15 நள்ளிரவை ஒட்டி சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு துறைகளிலும் வெடிகள் முழங்கின. போர் முடியுமுன் மூழ்கியும் சிதைந்தும் போன கலங்கள் ஓரிலட்சம் டன்னுக்கு மேல்.

டிசம்பர் 10 கொடியது. சாமந்த் 'பன்வேல்' கலத்திலிருந்து, 'பத்மா', 'பலாஷ்' படகுகளையும் உடன்கொண்டு குல்னா நோக்கிச் சென்றார். மஞ்சள் அடையாளம் இட்டிருந்தும், நம் விமானங்களே பகைவரெனக் கருதி அவ்விரு படகுகளையும் அழித்தன. 'பலாஷ்' படகின் பொறியறையைக் கைவிட மறுத்த ரூஹுல் அமீன் அன்று மாண்டார். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீரவிருது பின்னர் அவருக்கு வழங்கப்பெற்றது. நீரில் தத்தளித்தோரைச் சாமந்த் மீட்டார். மகாவீர் சக்கரம் பெற்றார்.

முகாமைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் அவர்க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. சந்தீப் உன்னித்தானுடன் இணைந்து அவர் எழுதிய 'ஆபரேஷன் எக்ஸ்' 2019இல் வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே அவர் மறைந்தார்.