கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து

பழைய பத்திரிகை எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் யார், வெளியிடுபவர் யார், எந்த அச்சகம். நாம யாரும் படிக்காத அந்த வரி மேலதான் நம்ம அவதூறு சட்டமே நிற்கிறது என்பது என் கட்சி.

இந்திய தண்டனைச் சட்டம் 1860ல் வந்தது. அதில் 499, 500 பிரிவுகள் அவதூறுக்கு. ஏழு வருஷம் கழித்து, 1867ல் வந்த அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம் அந்தப் பொடி எழுத்தைக் கட்டாயமாக்கியது. பத்திரிகை நடத்துபவர் அந்தச் சட்டப்படி மாஜிஸ்திரேட் முன்னால் பிரகடனம் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கு வந்தால் அதன் சான்றிட்ட நகலே சாட்சியாக இருந்தது. 1944ல் கொலையான லட்சுமிகாந்தனின் 'இந்துநேசன்' நடிகர்களைப் பற்றி எவ்வளவு மோசமா எழுதினாலும், எழுதுவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பேர் போடாமல் எழுதுவதும் அப்பவே உண்டு: மொட்டைக் கடுதாசி. ஆனா அது கலெக்டர் ஆபீசுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போய் நின்றுவிடும். இணையம் இரண்டையும் ஒட்டிவிட்டது. மொட்டைக் கடுதாசிக்குப் பத்திரிகையின் வீச்சு கிடைத்தது.

இதைத் தமிழ்நாடு முதலில் பெரிசா சந்தித்தது 2004ல். சென்னையில் விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் பொய்க் கணக்கு தொடங்கி, ஒருவர் ஆபாசமாக எழுதிப் போட்டார். அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு அழைப்புகள் வந்தன. சைபர் கிரைம் போலீஸ் ஐ.பி. முகவரியைப் பிடித்து, மும்பையில் ஆளைக் கைது செய்தது. பிரவுசிங் சென்டர்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். பிப்ரவரியில் புகார், நவம்பர் 5ல் எழும்பூர் கோர்ட்டில் தண்டனை.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். தண்டனை வந்தது 469, 509, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 ஆகிய பிரிவுகளில். 500ல் இல்லை. அவதூறு என்பது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கணும். கம்மாபுரத்துக்காரர் ஒருவர் விருத்தாசலத்துக்கோ நெய்வேலிக்கோ போய் மனு கொடுத்தால், முதல் கேள்வியே "எதிரி யாருங்க?" என்பதுதான். பொடி எழுத்து இல்லாத இடத்தில் அதற்குப் பதில் கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்க என்று சொல்லி 2009ல் அமலுக்கு வந்தது 66ஏ. போலீஸே கைது செய்யலாம், மூன்று வருஷம் வரை சிறை. அது யார் மேல் பாய்ந்தது? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் சிறுதொழில் நடத்தும் ஒருவர், கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றி ட்விட்டரில் எழுதினார் என்று கைதானார். சொந்தப் பெயரில் எழுதியவர். முகம் மறைத்தவனைப் பிடிக்க வந்த பிரிவு, முகம் காட்டியவரைப் பிடித்தது. 2015 மார்ச் 24ல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ-வை நீக்கியது. நற்பெயருக்கான கேடு பற்றி இந்தப் பிரிவு பேசவே இல்லை என்றும் சொன்னது.

அதே தீர்ப்பின்படி, தளங்கள் ஒரு பதிவை நீக்க கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வேணும். நியாயம்தான், இல்லாட்டி காசுள்ளவன் நோட்டீஸ் அனுப்பியே எல்லாரையும் வாயடைச்சிடுவான். ஆனா சாமானியருக்குச் செலவு கூடிவிட்டது. ஆள் தெரியாத எதிரிக்கு நம்ம கோர்ட்டுகள் 'அசோக் குமார்' என்று பேர் வைத்து உத்தரவு போடுவதுண்டு. அசோக் குமாரைத் தேடினாலும் சிக்கல்: இன்றைக்கு ஒரே ஐ.பி. முகவரியை நூற்றுக்கணக்கான செல்போன்கள் பகிர்கின்றன. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் அந்த முகவரியால் பிரயோஜனமில்லை. பதிவேடுகளும் காலப்போக்கில் அழிந்துபோகும். உரிமையியல் வழக்குக்கும் ஒரு வருஷம்தான் கெடு.

2024 ஜூலை முதல் 499, 500 போய் நியாய சன்ஹிதாவின் 356 வந்திருக்கிறது. தண்டனையில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. தண்டனையைத்தான் மாற்றுகிறோம்; ஆளைக் கண்டுபிடிக்கும் வழி அப்படியே கிடக்கிறது. எதிரி பேர் தெரியாமலேயே உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்து, அந்தப் பதிவேட்டை அழியாமல் நிறுத்திவைக்க ஒரே வாரத்தில் உத்தரவு வாங்க முடிந்தால் போதும். கைது அதிகாரம் யாருக்கும் கூட்டவேண்டாம்.